என்.ஐ.சி.யூ.விலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு: குழந்தையோடு அம்மாவையும் பார்த்துக்கொள்வோம்

என் அக்காவுக்கு 32-வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தையின் எடை 1,450 கிராம். பிறந்த உடனே கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். 26 நாள் கழித்து 1,800 கிராம் எடையோடு வீட்டுக்கு வந்தான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அக்காவைத் தவிர.

ராத்திரி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். யாருடைய செல்போனாவது 'பீப்' என்று கத்தினால் திடுக்கிட்டு எழுந்துவிடுவாள். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருக்கும். ஐந்தாவது நாள் என்னிடம் சொன்னாள்: "அங்க நர்ஸ் தூக்குனா அமைதியா இருப்பான். என்கிட்ட வந்தா முகத்தைத் திருப்பிக்கறான். நான் இவனுக்கு அம்மாதானான்னே தெரியல."

"அதான் குழந்தை நல்லா இருக்கானே, இன்னும் ஏன்க்கா அழுவுற?" என்று கேட்டேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, தீவிர சிகிச்சை முடிந்து குழந்தை வீடு திரும்பிய பிறகும் அம்மாவின் மன அழுத்தம் தொடரலாம். அது குறை அல்ல, கவனிக்க வேண்டிய உடல்நல விஷயம். இரண்டு, அம்மாவின் மனநலமும் குழந்தையின் மனநலமும் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டவை. இந்த இரண்டையும் எளிமையாகப் புரிந்துகொண்டு, அரசு தரும் உதவிகள் எங்கே கிடைக்கும் என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

1. எதனால் இவ்வளவு அழுத்தம்?

அமெரிக்க செவிலியர் ஆய்வாளர் மார்கரெட் மைல்ஸும் அவருடைய குழுவினரும் 1993-ல் என்.ஐ.சி.யூ. பெற்றோரின் மன அழுத்தத்தை அளக்க ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். அது மூன்று வகையான அழுத்தங்களைப் பற்றிக் கேட்கிறது.

• அங்கே கண்ணில் படுவதும் காதில் கேட்பதும்: மானிட்டர் அலாரம், வயர்கள், பக்கத்துப் பெட்டியில் இருக்கும் குழந்தை.
• குழந்தையின் தோற்றம்: மூக்கில் குழாய், கையில் ஊசி, மெலிந்த உடம்பு.
• அம்மா என்ற இடத்தை இழப்பது: தொட வேண்டுமானால் கேட்க வேண்டும், பால் எத்தனை எம்.எல். என்று வேறொருவர் சொல்ல வேண்டும், குழந்தை அழும்போது வெளியே நிற்க வேண்டும்.

பல நாடுகளில் இந்தப் பட்டியலை வைத்துக் கேட்டபோது, அம்மாக்களை அதிகம் வருத்தியதாகத் திரும்பத் திரும்ப வந்தது மூன்றாவதுதான். மெஷினைப் பார்த்த பயத்தைவிட, 'என் பிள்ளைக்கு நான் எதுவுமே செய்யல' என்ற எண்ணம் ஆழமாகப் பதிகிறது.

நம் ஊரில் இதோடு இன்னும் சில சேரும். அம்மா ஒரு வார்டில், குழந்தை இன்னொரு கட்டடத்தில். தையல் வலியோடு நடந்து போய்ப் பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அம்மாவை டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள், குழந்தை அங்கேயே இருக்கும். வெறும் கையோடு வீட்டுக்கு வந்தவளிடம், "குழந்தை எங்கம்மா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்.

குழந்தை வந்த பிறகு பயம் வேறு மாதிரி ஆகிறது. அங்கே மானிட்டர் பார்த்துக்கொண்டது, நர்ஸ் பார்த்துக்கொண்டார். வீட்டில் எல்லாம் தன் தலையில் என்று அம்மா நினைக்கிறாள்.

2. சாதாரண சோர்வா, மன அழுத்தமா?

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது, எரிச்சல் வருவது பல பெண்களுக்கு உண்டு. பெரும்பாலும் 2 வாரத்துக்குள் தானாகக் குறைந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் கவனிக்க வேண்டும். குறிப்பாக இவற்றைப் பாருங்கள்:

• குழந்தை தூங்கும்போதுகூட அம்மாவால் தூங்க முடியவில்லை.
• மருத்துவமனையில் நடந்தவை கண் முன்னால் திரும்பத் திரும்ப வருகின்றன. அலாரம் போன்ற சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது.
• அந்த மருத்துவமனை இருக்கும் பக்கமே போகப் பிடிக்காமல் செக்கப்பைத் தள்ளிப்போடுகிறார்.
• குழந்தையை ஒரு நிமிஷம்கூட யாரிடமும் கொடுக்க முடியவில்லை. அல்லது குழந்தையைத் தூக்கவே மனம் வரவில்லை.
• 'என்னாலதான் இப்படி ஆச்சு' என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்.

இரண்டு கேள்விகளை வீட்டில் உள்ளவர்களே மெதுவாகக் கேட்கலாம். "போன ஒரு மாசத்துல மனசு ரொம்ப பாரமா, எந்த நம்பிக்கையும் இல்லாத மாதிரி இருந்துச்சா?" "எதுலயும் ஆர்வம், சந்தோஷம் இல்லாம இருந்துச்சா?" ஒன்றுக்கு 'ஆமா' என்று பதில் வந்தாலும் மருத்துவரிடம் பேச வேண்டும். மருத்துவமனைகளில் 'எடின்பரோ அளவுகோல்' என்ற 10 கேள்விகள் கொண்ட படிவத்தைப் பயன்படுத்துவது உண்டு. 1987-ல் வெளியான அது கடந்த 7 நாட்களின் மனநிலையைக் கேட்கும். தமிழிலும் இருக்கிறது. அது நோயை உறுதி செய்வதில்லை. யாருக்கு மேற்கொண்டு உதவி தேவை என்று காட்டும்.

3. குழந்தையின் மனதுக்கு என்ன ஆகிறது?

கைக்குழந்தைக்குத் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ளத் தெரியாது. பசி, குளிர், பயம் எதுவானாலும் இன்னொருவரின் குரல், முகம், உடல் சூடு வழியாகத்தான் அமைதியாகும். திரும்பத் திரும்ப அப்படி அமைதியாகும்போது, 'நான் கூப்பிட்டா யாராவது வருவாங்க' என்ற நம்பிக்கை வளர்கிறது. பிற்கால மனநலத்துக்கு அதுதான் அடித்தளம்.

1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு பரிசோதனை செய்தார். அம்மா குழந்தையோடு சிரித்து விளையாடுகிறார். பிறகு சில நிமிஷம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்காருகிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது. அம்மா அசையாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்குகிறது. சில மாதக் குழந்தைகூட அம்மாவின் முகத்தை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்கிறது என்பதை உலகத்துக்குக் காட்டிய பரிசோதனை இது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் குறைமாதக் குழந்தைகளின் பெற்றோரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. பிரசவ அதிர்ச்சியின் பாதிப்பு பெற்றோருக்கு அதிகமாக இருந்த வீடுகளில், குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்போது தூக்கத்திலும் சாப்பாட்டிலும் சிக்கல்கள் அதிகமாக இருந்தன.

இதைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் 'என்னால என் பிள்ளை கெட்டுப்போயிடுச்சு' என்று நினைக்க வேண்டாம். ட்ரோனிக்கின் வேலையிலிருந்தே இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. நன்றாக இருக்கும் அம்மாவும் குழந்தையும்கூட எப்போதும் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலான நேரம் கொஞ்சம் தவறிப்போய், பிறகு சரிசெய்துகொள்கிறார்கள். அந்தச் சரிசெய்தல்தான் குழந்தைக்கு முக்கியம். அம்மாவுக்கு உதவி கிடைத்து அவர் தேறிவந்தால், குழந்தையும் கூடவே தேறும். அதனால்தான் அம்மாவின் மனநலத்தைக் கவனிப்பதும் குழந்தையின் சிகிச்சையில் ஒரு பகுதி என்கிறோம்.

4. முகத்தைத் திருப்பினால் வெறுப்பா?

இல்லை. குறைமாதக் குழந்தையின் நரம்பு மண்டலம் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் பேச்சு, வெளிச்சம், தொடுதல், ஆட்டுதல் எல்லாம் சேர்ந்தால் அதனால் தாங்க முடியாது. அப்போது அது காட்டும் சைகைகள்:

• முகத்தைத் திருப்புவது, கண்ணை மூடிக்கொள்வது
• கொட்டாவி, தும்மல், விக்கல்
• விரல்களை விரித்து நீட்டுவது, உடம்பை வில்லாக வளைப்பது
• தோல் திட்டுத்திட்டாகவோ வெளிறியோ போவது

இவற்றுக்கு 'கொஞ்சம் நிறுத்தும்மா, மூச்சு வாங்கிக்கறேன்' என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். அப்போது பேச்சை நிறுத்திவிட்டு, விளக்கைக் குறைத்து, கையைத் தலையிலும் காலிலும் அசையாமல் வைத்திருந்தால் போதும். கண் திறந்து அமைதியாகப் பார்க்கும்போது மறுபடி பேசலாம். பேச்சு, தாலாட்டு, தொடுதல் இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் போதும். (உதடோ நாக்கோ நீலமானால் அது சைகை இல்லை, அவசரம். உடனே 108.)

5. திருத்திய வயது: இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

முழு மாதக் குழந்தை ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். குறைமாதக் குழந்தை மூன்று மாதமாகியும் சிரிக்கவில்லை என்றால் அம்மா பதறிப்போவார். இங்கே கணக்கு வேறு.

திருத்திய வயது = பிறந்ததிலிருந்து ஆன வாரங்கள் – எத்தனை வாரம் முன்னால் பிறந்தது (40 வாரத்தை வைத்து).

உதாரணமாக, 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முன்னால் வந்திருக்கிறது. பிறந்து 16 வாரம் ஆகியிருந்தால் அதன் திருத்திய வயது 8 வாரம். சிரிப்பு, கழுத்து நிற்பது, குப்புற விழுவது எல்லாவற்றையும் இந்த வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பொதுவாக 2 வயது வரை இப்படிக் கணக்கிடுவார்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு. எடை மிகக் குறைவாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. வீட்டில் என்ன செய்யலாம்?

கங்காரு பராமரிப்பு. டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போட்டு, குழந்தையை அம்மாவின் மார்பில் தோலோடு தோல் படும்படி நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, துணியால் கட்டிக்கொள்வது. மூக்கும் வாயும் மூடாமல், கழுத்து மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை வைத்தால் குறைந்தது 1 மணி நேரமாவது வைத்திருப்பது நல்லது. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் (இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகள்), பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது எடை குறைந்த குழந்தைகளின் முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அம்மாவின் மனதுக்கும் இது மருந்துதான். பறிபோன 'நான் செய்யறேன்' என்ற உணர்வு அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. அப்பா, பாட்டி யாரும் வைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, வைத்துக்கொண்டு அசந்து தூங்கிவிடக் கூடாது. தூக்கம் வந்தால் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தூக்கத்துக்கு முறை போடுங்கள். ராத்திரியில் ஒருவர் விழித்திருக்க, அம்மா தொடர்ந்து 4 மணி நேரமாவது தூங்கட்டும். பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் மற்றவர் கொடுக்கலாம்.

நடந்ததைச் சொல்லவிடுங்கள். அந்த நாட்களைப் பற்றி அம்மா பேச விரும்பினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

குழந்தை இன்னும் மருத்துவமனையில் இருக்கிறதா? மத்திய அரசின் 2017 வழிகாட்டுதலின்படி, கைகழுவும் முறை உள்ளிட்டவற்றில் பயிற்சி கொடுத்து, பராமரிப்பில் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது. "நான் எப்ப உள்ள வந்து தொடலாம்? கங்காரு முறை எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

7. வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்பாக்களுக்கும்

"ஏழு மாசக் குழந்தை பொழைக்கும், எட்டு மாசக் குழந்தை தங்காது" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். உண்மை நேர்மாறானது. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம் கூடத்தான் செய்யும். "நீ சரியா சாப்பிடல, மாடிப்படி ஏறின, அதான்" என்ற பேச்சும் வேண்டாம். குறைப்பிரசவத்துக்குப் பல நேரங்களில் மருத்துவர்களுக்கே தெளிவான காரணம் கிடைப்பதில்லை. பத்தியம் என்ற பெயரில் அம்மாவின் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். சாம்பிராணிப் புகை குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது.

அப்பாக்களும் அதே பயத்தைத்தான் சுமக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைந்தவர் வெளியே காட்டாமல் இருக்கலாம். அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

8. எந்த உதவி எங்கே கிடைக்கும்?

• 14416: டெலி-மானஸ் இலவச மனநல ஆலோசனை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அம்மாவும் பேசலாம், வீட்டில் உள்ளவர்களும் பேசலாம்.
• 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை மற்றும் தகவல் எண்.
• 108: அவசர ஆம்புலன்ஸ்.
• சுகாதார செவிலியர்: பிறந்த முதல் 42 நாட்களில் தாயையும் சேயையும் வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம் இருக்கிறது. குழந்தை மருத்துவமனையில் இருந்ததால் அந்த நாட்கள் கடந்துபோயிருக்கலாம். வீடு திரும்பியதும் உங்கள் பகுதி செவிலியருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.
• மாவட்ட மனநலத் திட்டம்: அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பார்க்கலாம். பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. பால் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
• மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம்: குழந்தையின் வளர்ச்சி, காது கேட்கும் திறன், பார்வை ஆகியவற்றைப் பரிசோதித்துப் பயிற்சி தருவார்கள். 'டி.இ.ஐ.சி.' என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.
• இலவச சிகிச்சை: ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், நோயுற்ற குழந்தைகளுக்கு 1 வயது வரை அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து இலவசம்.
• வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு: மகப்பேறு பயன் குறித்த மத்திய சட்டத்தில், குறைப்பிரசவத்தால் தாய்க்கு வரும் உடல்நலக் குறைவுக்கு, மருத்துவச் சான்றின் பேரில் வழக்கமான விடுப்போடு கூடுதலாக 1 மாதம் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு.

9. தள்ளிப்போடக் கூடாதவை

விழித்திரைப் பரிசோதனை: 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான குழந்தைக்குப் பிறந்து 30 நாட்களுக்குள் கண் பரிசோதனை செய்ய வேண்டும். மிகவும் எடை குறைந்த குழந்தைக்கு அதற்கும் முன்பே தேவைப்படும். தவறவிட்டால் பார்வையே போகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

குழந்தைக்கு உடனே மருத்துவமனை: பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, மூச்சு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுப்பது, உடம்பு ஜில்லென்று ஆவது அல்லது கொதிப்பது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாவது.

அம்மாவுக்கு உடனே மருத்துவமனை: 'நான் இல்லாம போயிட்டா நல்லது' என்ற பேச்சு, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம், யாரோ பேசுவது போல் காதில் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுவது. இவற்றைக் கண்டால் தனியாக விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

சுருக்கமாக

குழந்தையின் எடையை எழுதும் நோட்டில் அம்மாவுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: இன்று எத்தனை மணி நேரம் தூங்கினார், சாப்பிட்டாரா, மனசு எப்படி இருந்தது. செக்கப்புக்குப் போகும்போது அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நாங்கள் யாரும் இல்லை. எடை பார்க்க வந்த சுகாதார செவிலியர்தான். குழந்தையைப் பார்த்து முடித்துவிட்டு அக்காவிடம் திரும்பி, "நீ தூங்குனியாம்மா?" என்று கேட்டார். அக்கா ரொம்ப நேரம் அழுதாள். அவர் கிளம்பும்போது 14416 என்று நோட்டில் எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அக்கா பேசினாள். அடுத்த வாரம் மாமா அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சரியாக இரண்டு மாதம் ஆயிற்று. இடையில் மோசமான நாட்களும் வந்தன.

பையன் பிறந்து 16-வது வாரம், அக்கா முகத்தைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தான். எனக்கு வீடியோ அனுப்பிவிட்டுக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "கணக்குப்படி கரெக்டா எட்டு வாரம்டா!"

உங்கள் வீட்டிலோ தெருவிலோ என்.ஐ.சி.யூ.விலிருந்து ஒரு குழந்தை வந்திருந்தால், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "நீ தூங்குனியா? சாப்பிட்டியா?" என்று அம்மாவையும் கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.